2^64 − 1: கன்சோல் காட்டும் மீதியும் கைக்கணக்கும் ஒத்துப்போகவில்லையே?

மீதி_எங்கே:

18446744073709551615, அதாவது 2^64 − 1. இதைப் பகாக் காரணிகளாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன், ஆரம்பமே குழப்பம். இலக்கங்களைக் கூட்டினால் 87 வருகிறது, 87 மூன்றால் வகுபடும், ஆகவே எண்ணும் மூன்றால் வகுபட்டாக வேண்டும். கடைசி இலக்கம் 5, அதனால் ஐந்தாலும் வகுபட வேண்டும். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் பிரவுசர் கன்சோலில் ஜாவாஸ்கிரிப்ட்டிடம் மீதி கேட்டால் 3-க்கு 1 என்கிறது, 5-க்கும் 1, 7-க்கு 2, 11-க்கு 5, 13-க்கு 3, 17-க்கு மறுபடி 1. சரி, எண்ணையே அச்சிட்டுக் காட்டு என்றால் 18446744073709552000 என்று நீட்டுகிறது. மூன்று பூஜ்ஜியத்தில் முடிகிற எண்ணை 5-ஆல் வகுத்தால் மீதி 1 எப்படி வரும்? அது காட்டுகிற எண்ணும் அது சொல்கிற மீதியுமே ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை.

சி-யில் 64 பிட் குறியில்லா முழு எண்ணாக வைத்து அதே கணக்கைப் போட்டால் 3-க்கு மீதி 0 என்று ஒழுங்காக வருகிறது. ஆனால் அங்கே வேறு தொல்லை. 2-இல் தொடங்கி வர்க்கமூலம் வரை ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்க்கும் நிரல் அது, வர்க்கமூலமே கிட்டத்தட்ட 429 கோடி, ரொம்பவும் இழுக்கிறது, நடுநடுவே வகுத்திகளைக் கொட்டிக்கொண்டும் இருக்கிறது, அதில் எது பகா எண் எது இல்லை என்று பொறுக்கி எடுக்கவே தனியாக உட்கார வேண்டும் போல.

ஜாவாஸ்கிரிப்ட் ஏன் இப்படிச் செய்கிறது என்று ஒருவர் விளக்கினால் நல்லது. அதைவிட முக்கியமாக, கணினியே இல்லாமல், பேனாவும் காகிதமும் வைத்துக்கொண்டு இந்த எண்ணை முழுசாக உடைக்க முடியுமா? இருபது இலக்கம் என்பதால் கேட்கிறேன்.


பிட்_பார்ப்பவர்:

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இரண்டாவதற்கு இங்கே ஆட்கள் வருவார்கள்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் சாதாரண எண் என்பது 64 பிட் மிதவைப்புள்ளி எண். அந்த 64 பிட்டில் இலக்கங்களுக்கு என்று கிடைப்பது 53 இரும இலக்கங்கள் மட்டும்தான். 2^53 வரை எல்லா முழு எண்ணையும் துல்லியமாக வைத்துக்கொள்ளும், அதற்கு மேலே போகப் போக இடைவெளி விழ ஆரம்பிக்கும். நீங்கள் நிற்கிற இடத்தில், 2^64-க்குச் சற்றுக் கீழே, அடுத்தடுத்து வைக்க முடிந்த இரண்டு எண்களுக்கு நடுவே 2048 இடைவெளி. 2^64-ஐ வைக்க முடியும், அதற்கு முந்தையது 18446744073709549568, இடையில் எதுவுமே கிடையாது. ஆகவே நீங்கள் ...615 என்று தட்டெழுதிய அந்த நொடியே அது ...616 ஆக, அதாவது சரியாக 2^64 ஆக மாறிவிட்டது. அப்புறம் எதற்கு மீதி கேட்டாலும் 2^64-க்குத்தான் பதில்.

அந்த மூன்று பூஜ்ஜியம் வெறும் காட்சிக்கு. மனதில் வைத்திருக்கும் எண்ணை அக்கம்பக்கத்து எண்களிலிருந்து பிரித்துக் காட்ட எத்தனை இலக்கம் போதுமோ அத்தனையை மட்டும் எழுதி, மிச்ச இடத்தை பூஜ்ஜியத்தால் நிரப்புகிறது. உள்ளே இருப்பது 18446744073709551616. அதை 5-ஆல் வகுத்தால் மீதி 1 தானே? மீதிக் கணக்கில் அது பொய்யே சொல்லவில்லை, நீங்கள் கேட்ட எண் வேறு என்பதுதான் சங்கதி.

எண்ணின் வாலில் n என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்து பிக்இண்ட் (பெரிய முழு எண்களையும் துல்லியமாக வைக்கும் வகை) ஆக எழுதினால் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் சரியாக வரும், வகுக்கிற எண்ணுக்கும் அதே வால் வேண்டும். பைத்தானில் இந்தத் தொல்லையே இல்லை, முழு எண்கள் எவ்வளவு பெரிதானாலும் துல்லியமாகவே இருக்கும். சி-யின் 64 பிட் குறியில்லா எண்ணுக்கு இதுதான் உச்சவரம்பு, 64 பிட்டும் 1, இதோடு ஒன்றைக் கூட்டினால் சுழன்று 0-க்குப் போய்விடும்.

ஆனால் கன்சோல் கொடுத்த அந்த மீதிகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 2^64-ஐ வகுத்து மீதி 1 வருகிறது என்றால் 2^64 − 1 மிச்சமில்லாமல் வகுபடுகிறது என்று பொருள். 3, 5, 17 மூன்றுக்கும் 1 வந்திருக்கிறது, மூன்றுமே காரணிகள். 7, 11, 13-க்கு வேறு மீதி, அவை காரணிகள் இல்லை. கையில் இருக்கும் பட்டியலில் ஒவ்வொன்றிலும் 1-ஐக் கழித்துக்கொண்டால் உங்கள் எண்ணுக்கான விடை அப்படியே கிடைத்துவிடும்.


காரணிக்காரர்:

பேனா காகிதம் போதும். இருபது இலக்கம் என்று பயப்பட வேண்டியதில்லை, இந்த எண்ணின் பலவீனமே அதன் அடுக்கில் இருக்கிறது. 64 என்பது இரண்டின் அடுக்கு, அதனால் பள்ளியில் படித்த (அ − ஆ)(அ + ஆ) ஒன்றை வைத்தே திரும்பத் திரும்ப அடிக்கலாம். 2^64 − 1 = (2^32 − 1)(2^32 + 1). இடப்பக்கம் இருப்பது மறுபடி அதே வடிவம், அதை (2^16 − 1)(2^16 + 1) என்று உடைக்கலாம், அதன் இடப்பக்கத்தை மறுபடி, இப்படியே போனால் கடைசியில் 2 − 1 = 1 என்று வந்து நின்றுவிடும். கையில் மிஞ்சுவது

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

ஆறே பெருக்கற்காரணிகள். இவை வேறு எதுவும் இல்லை, ஃபெர்மா எண்கள். 2^1 + 1, 2^2 + 1, 2^4 + 1, 2^8 + 1, 2^16 + 1, 2^32 + 1. இந்த வகை எண்கள் எல்லாமே பகா எண்கள்தான் என்று ஃபெர்மா 1640 வாக்கில் நம்பினார், நிரூபணம் அவர் கையில் இல்லை. முதல் ஐந்தும் உண்மையிலேயே பகா எண்கள். 1729-இல் கோல்ட்பாக் ஒரு கடிதத்தில் இதை ஆய்லரிடம் கிளப்பிவிட, 1732-இல் ஆய்லர் ஆறாவதில் கை வைத்தார்: 4294967297 = 641 × 6700417. அதோடு ஃபெர்மாவின் ஊகம் போயிற்று.

ஆக முழு விடை 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. ஏழும் வெவ்வேறு பகா எண்கள், எதுவும் இரண்டு தடவை வரவில்லை, ஆகவே மொத்த வகுத்திகள் 2^7 = 128. உங்கள் நிரல் வர்க்கமூலம் வரை போகும்போது கொட்டியிருக்க வேண்டியவை இதில் சரிபாதி, 1-ஐயும் சேர்த்து 64.

நிரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரணி கிடைத்தவுடனே எண்ணை அதால் வகுத்துச் சின்னதாக்கிக்கொண்டே போங்கள், வர்க்கமூலத்தையும் அப்போதைக்கப்போது புதுப்பியுங்கள். அப்படிச் செய்தால் 429 கோடி வரை போக வேண்டியதே இல்லை, 65537-இல் நின்றுவிடும், ஏனென்றால் அதை வகுத்து எடுத்த பிறகு மிஞ்சுவது 6700417, அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம், அந்த எல்லையை நீங்கள் எப்போதோ தாண்டி வந்துவிட்டீர்கள். அப்படிச் செய்யும் நிரல் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும், வகுத்திகளும் கொட்டாது, பகா எண்கள் மட்டும்தான் வெளியே வரும்.


மீதி_எங்கே:

நன்றி, இரண்டு பேருக்கும். மீதியில் ஒன்றைக் கழிக்கிற விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் காரணிக்காரர் ஒரு இடத்தில் வேகமாகத் தாவிவிட்டார். முதல் ஐந்து பகா எண்கள் என்கிறீர்கள், 65537-ஐ எப்படி உறுதி செய்வது? 641-ஐ ஆய்லர் எங்கிருந்து பிடித்தார், 3, 7, 11 என்று ஆரம்பித்து நூற்றுச் சொச்சம் பகா எண்களை வகுத்துப் பார்த்தாரா? 6700417 பகா எண் என்பதையும் கையால் காட்ட முடியுமா? வர்க்கமூலம் 2588 என்றால் அதுவரை முன்னூற்றுக்கும் மேலே பகா எண்கள் வருமே. கணினி வேண்டாம் என்று கேட்டதன் அர்த்தமே அதுதான்.


காரணிக்காரர்:

நியாயமான கேள்வி. சுவையான பகுதியும் இதுதான், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு பகா எண் 2^32 + 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது 2^32-இன் மீதி −1, வர்க்கப்படுத்தினால் 2^64-இன் மீதி 1. இப்போது 2, 4, 8, 16 என்று அடுக்கை ஏற்றிக்கொண்டே போய் முதன்முதலில் எந்த அடுக்கில் மீதி 1 வருகிறது என்று பார்த்தால், அந்த அடுக்கு 64-ஐ வகுக்க வேண்டும், ஆனால் 32-ஐ வகுக்கக் கூடாது (வகுத்தால் 2^32-இன் மீதி 1 ஆகியிருக்கும், −1 ஆகியிருக்காது). 64-ஐ வகுத்து 32-ஐ வகுக்காத எண் 64 ஒன்றுதான். ஆகவே முதல் அடுக்கு 64. இன்னொரு பக்கம் ஃபெர்மாவின் சிறு தேற்றம், பகா எண்ணில் ஒன்றைக் குறைத்து அதை அடுக்காகப் போட்டாலும் மீதி 1 வரும் என்கிறது. இரண்டையும் சேர்த்தால், பகா எண்ணில் ஒன்றைக் குறைத்தால் அது 64-இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். ஆக 2^32 + 1-இன் எந்தப் பகாக் காரணியானாலும் 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்கும்.

இப்போது பட்டியல் எவ்வளவு சுருங்கிவிட்டது பாருங்கள். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இதில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டும். ஐந்தாவது வகுத்தலில் ஆய்லருக்கு விடை. நூற்றுச் சொச்சம் தேவைப்படவில்லை. ஃபெர்மாவின் தேற்றத்தை வைத்தே ஃபெர்மாவின் ஊகம் விழுந்தது என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும், அவர் கையில் ஆயுதம் முழுசாக இருந்தது, ஐந்து வகுத்தல் தூரத்தில் நிறுத்திவிட்டார்.

எடுவார் லூகா 1878-இல் இதை இன்னும் இறுக்கினார். அந்தப் பகா எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறது அல்லவா, அப்படிப்பட்ட பகா எண்ணுக்கு 2 என்பது ஏதோ ஒரு எண்ணின் வர்க்கத்தின் மீதியாக வரும். அந்த எண்ணை எடுத்து மேலே செய்த அதே வாதத்தை ஓட்டினால் 64-க்குப் பதில் 128 கிடைக்கும். அதாவது 128-இன் மடங்கோடு ஒன்று. பட்டியலில் 129, 257, 385, 513, 641. பகா எண்கள் 257-உம் 641-உம் மட்டும், இரண்டாவதிலேயே வேலை முடிந்தது.

6700417-க்கும் இதே சல்லடைதான். அதன் காரணி 2^32 + 1-இன் காரணியும் ஆகும் என்பதால் 128-இன் மடங்கோடு ஒன்று என்ற வடிவத்தில்தான் இருக்க முடியும். 2588 வரை அந்த வடிவத்தில் இருக்கும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409, அவ்வளவே. முன்னூறு எங்கே, ஐந்து எங்கே. வகுத்துப் பார்த்தால் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. எதுவும் பூஜ்ஜியம் இல்லை, ஆகவே பகா எண்.

65537 இன்னும் சுலபம். அது 2^16 + 1 என்பதால் லூகா விதியில் 128-க்குப் பதில் அதில் பாதி, 64-இன் மடங்கோடு ஒன்று, வர்க்கமூலம் 256. அந்த எல்லைக்குள் 65, 129, 193, இதில் பகா எண் 193 ஒன்றே ஒன்று. 65537-ஐ 193-ஆல் வகுத்தால் மீதி 110. ஒரே ஒரு வகுத்தலில் தீர்ந்தது.

641 வகுக்கிறது என்பதைச் சரிபார்க்க நீண்ட வகுத்தல்கூட வேண்டாம், இதை மட்டும் பாருங்கள்: 641 = 5 × 128 + 1, அதே சமயம் 641 = 625 + 16. முதலாவது, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2^7 என்பது −1 போல நடந்துகொள்கிறது என்கிறது. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5^4 × 2^28-இன் மீதி 1. இரண்டாவது, 5^4-க்குப் பதில் −2^4 போடலாம் என்கிறது. போட்டால் −2^32-இன் மீதி 1, அதாவது 2^32 + 1 மிச்சமில்லாமல் வகுபடுகிறது. பத்து இலக்க எண்ணை எழுதிப் பார்க்கவே இல்லை.


ஒருவரி_போதும்:

இவ்வளவு தேவையா? பைத்தானில் ஒரு நூலகத்தை இறக்குமதி செய்து ஒரு வரி எழுதினால் காரணிகள் வந்து விழுகின்றன. 64 பிட் எண்ணெல்லாம் இன்றைக்குப் பெரிய எண்ணே இல்லை. கையால் செய்வது அழகு, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் இந்த எண்ணுக்கு வேலை செய்தது என்பதற்காக எல்லா எண்ணுக்கும் வேலை செய்யும் என்ற எண்ணத்தைக் கேட்பவர் மனதில் விதைக்காதீர்கள்.


காரணிக்காரர்:

அந்த எண்ணத்தை விதைக்கவில்லை, நேர்மாறாகத்தான் சொல்ல வருகிறேன். இது உடைந்ததற்குக் காரணம் 64. அடுக்கை மூன்றே மூன்று கூட்டி 2^67 − 1 எடுத்துப் பாருங்கள், 147573952589676412927, நம் எண்ணைவிட ஒரே ஒரு இலக்கம்தான் அதிகம். ஆனால் 67 பகா எண் என்பதால் (அ − ஆ)(அ + ஆ) வித்தை எதுவும் செல்லாது, உள்ளே நுழைய வாசலே இல்லை. 1644-இல் மெர்சென் இதைப் பகா எண் என்று பட்டியலில் போட்டார். 1876-இல் லூகா இது பகா எண் இல்லை என்று காட்டினார், காரணிகளைக் காட்டாமலே. காரணிகள் வெளியே வந்தது 1903 அக்டோபரில், நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் கொடுத்தபோது: 193707721 × 761838257287. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையில் இரண்டு பக்கமும் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார் என்றும், மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன என்றும் ஒரு கதை உலவுகிறது. கதை எவ்வளவு உண்மையோ, பெருக்கல் உண்மை.

அங்கேயும் சல்லடை உண்டு. அதன் காரணிகள் 134-இன் மடங்கோடு ஒன்று என்ற வடிவத்தில் வர வேண்டும், 193707721-உம் அப்படித்தான் வருகிறது, 134 × 1445580 + 1. ஆனால் மடங்கு 5-இலேயே விடை கிடைப்பதற்கும் பதினான்கு லட்சத்துக்கு மேலே போய்க் கிடைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் கோலின் ஞாயிற்றுக்கிழமைகள். எண்ணின் நீளத்தைப் பார்த்துக் கஷ்டத்தை எடைபோட முடியாது, அது எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். ஒரு வரி நிரல் இதை உங்களுக்குக் காட்டாது, இரண்டுக்கும் ஒரே வேகத்தில் விடையைத் துப்பிவிடும்.

பக்கத்து வீட்டையும் சொல்லிவிடுகிறேன். நம் எண்ணோடு 2 கூட்டினால் 2^64 + 1, அடுத்த ஃபெர்மா எண். எந்த ஃபெர்மா எண்ணை எடுத்தாலும் அதற்கு முந்தைய எல்லா ஃபெர்மா எண்களின் பெருக்கலைவிடச் சரியாக 2 அதிகம். இரண்டுமே ஒற்றை எண்கள், வித்தியாசம் 2, ஆகவே பொதுக் காரணி கிடையாது. நம் எண்ணின் ஏழு பகா எண்களில் ஒன்றுகூட அங்கே உதவாது, எல்லாம் புதிதாகத் தேட வேண்டும். 274177 × 67280421310721 என்று 1880-இல் அறிவித்தவர் லாந்த்ரி, அப்போது அவருக்கு 82 வயது.


வரிசை_63:

யாரும் பாஸ்கல் முக்கோணத்தை (ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வொரு எண்ணும் அதற்கு மேலே உள்ள இரண்டின் கூட்டல்) சொல்லவில்லையே என்று வந்தேன். முக்கோணத்தில் ஒற்றை எண் இருக்கும் இடத்தில் 1, இரட்டை எண் இருக்கும் இடத்தில் 0 போட்டு, ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாகப் படியுங்கள். 1, 11, 101, 1111, 10001, 110011 என்று வரும். பத்தடிமானத்தில் 1, 3, 5, 15, 17, 51, அப்புறம் 85, 255, 257. எல்லாமே ஃபெர்மா எண்களின் பெருக்கல்கள். உச்சியை 0-ஆவது வரி என்று எண்ணினால் 63-ஆவது வரியில் 64 இடமும் ஒற்றை, அதாவது 64 ஒன்றுகள், அதுதான் நம் 18446744073709551615. வரி எண் 63-ஐ இருமத்தில் எழுதினால் 111111, ஆறு ஒன்றுகள், ஆறு ஃபெர்மா எண்களும் பெருக்கலில் கலந்துகொள்கின்றன. வரி எண் 5 என்றால் 101, முதலாவதும் மூன்றாவதும் மட்டும், 3 × 17 = 51. எந்த வரிக்கும் இப்படியே சொல்லிவிடலாம்.

இதே இடத்தில் பலகோணமும் வருகிறது. அளவுகோல், கவராயம் மட்டும் வைத்து எந்த ஒழுங்குப் பலகோணத்தை வரையலாம் என்பதற்கு விடை ஃபெர்மா பகா எண்கள். காஸ் 1796-இல் 17 பக்கத்தில் ஆரம்பித்தார், இதற்கு வெளியே எதுவும் முடியாது என்ற மறுபாதியை வான்ட்செல் 1837-இல் முடித்தார். பக்கங்கள் ஒற்றை எண்ணாக இருந்தால் அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். நமக்குத் தெரிந்தவை ஐந்துதான், ஐந்தையும் பெருக்கினால் 4294967295, முக்கோணத்தின் 31-ஆவது வரி. இன்றுவரை தெரிந்த, வரையத்தக்க ஒற்றைப்பக்கப் பலகோணங்களில் மிகப் பெரியது அந்தப் பக்க எண்ணிக்கை கொண்டதுதான். 1-ஆவது வரி முதல் 31-ஆவது வரி வரை உள்ள 31 எண்களும் அப்படியே தெரிந்த 31 ஒற்றைப் பலகோணங்கள். 32-ஆவது வரியில் 4294967297 வந்து உட்காருகிறது, 641 காரணமாக அங்கே ஆட்டம் முடிந்தது. 18446744073709551615 பக்கப் பலகோணத்தை வரைய முடியாது. முடிந்தாலும் யார் வரையப் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.


மீதி_எங்கே:

31 வரியும் 31 பலகோணமும் அபாரம். கையால் ஒரு பதினாறு வரி போட்டுப் பார்த்தேன், பொருந்துகிறது. காரணிகள் தவிர வேறு வகையில் இந்த எண் எப்படி? வர்க்கமா, முக்கோண எண்ணா (1 + 2 + 3 என்று வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் வருவது), நிறைவெண்ணா (தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டலுக்குச் சமமானது), இதையெல்லாமும் கையாலேயே சொல்லலாமா?


நான்கு_வர்க்கம்:

சொல்லலாம், காரணிகள் கிடைத்துவிட்ட பிறகு பாதிக்கு மேலே இலவசம். எந்தப் பகா எண்ணும் இரண்டு தடவை வராததால் இது வர்க்கமும் இல்லை, கனமும் இல்லை, எந்த அடுக்கும் இல்லை. நிறைவெண் இல்லை, தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் எண்ணில் சுமார் 70 விழுக்காடுதான் தேறும். இலக்கங்களில் 2 மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள், இரண்டின் அடுக்கிலிருந்து பிறந்த எண்ணுக்கு இது ஒரு குறும்பு, கணித முக்கியத்துவம் எதுவும் கிடையாது.

வர்க்கங்களின் கூட்டலாக எழுதுவதில் இது அடம்பிடிக்கும் எண். எந்த வர்க்கத்தை 8-ஆல் வகுத்தாலும் மீதி 0, 1, 4 இவற்றில் ஒன்றுதான். 2^64 − 1-இன் மீதி 7. 0, 1, 4-இல் மூன்றை எப்படிக் கூட்டினாலும் 7 வராது, போட்டுப் பாருங்கள். ஆகவே மூன்று வர்க்கங்களின் கூட்டலாக இதை எழுதவே முடியாது, நான்கு வேண்டும். நான்கு எந்த எண்ணுக்கும் போதும் என்பது லக்ராஞ்ஜ் 1770-இல் நிரூபித்தது.

முக்கோண எண்ணா என்பதுதான் நல்ல கேள்வி. ஒரு எண் முக்கோண எண்ணாக இருக்க வேண்டுமானால் அதை 8-ஆல் பெருக்கி 1 கூட்டினால் முழு வர்க்கம் வர வேண்டும். நமக்கு 8 × (2^64 − 1) + 1 = 2^67 − 7. இரண்டின் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் எப்போதெல்லாம் வர்க்கம் கிடைக்கும் என்பது ராமானுஜன் 1913-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் எழுப்பிய கேள்வி. அடுக்கு 3, 4, 5, 7, 15 என்ற ஐந்துக்கு மட்டும்தான் என்று அவர் ஊகித்தார், நாகெல் 1948-இல் அதை நிரூபித்தார். 67 அந்தப் பட்டியலில் இல்லை. ஆக 2^64 − 1 முக்கோண எண் இல்லை. இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த முக்கோண எண்கள் 0, 1, 3, 15, 4095 மட்டுமே, அதோடு தீர்ந்தது.

பெரிய தேற்றத்தை இழுக்காமல் நம் ஒரு எண்ணுக்கு மட்டும் காட்டினால் போதும் என்றால் 11 கை கொடுக்கும். 2^10-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே 2^67-க்கும் 2^7-க்கும் ஒரே மீதி, 128-இன் மீதி 7. அப்படியானால் 2^67 − 7 என்பது 11-ஆல் வகுபடுகிறது. வர்க்க எண்ணாக இருந்தால் 121-ஆலும் வகுபட வேண்டும். பார்ப்போம், 121-ஆல் வகுக்கும்போது 2^7-இன் மீதி 7, 2^14-க்கு 49, 2^28-க்கு 2401-இன் மீதி 102, அதை −19 என்று வைத்துக்கொண்டால் கை வலிக்காது, 2^56-க்கு 361, அதாவது −2. 2^63-க்கு −2 × 7 = −14, 2^67-க்கு −14 × 16 = −224, 242 கூட்டினால் 18. 18 − 7 = 11. மீதி 11 வருகிறது, 0 இல்லை. 11-ஆல் வகுபட்டு 121-ஆல் வகுபடாத எண் வர்க்கமாக இருக்க முடியாது.